ஆயில் விளக்கும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும்

எதிரணியின் வாதத்தை உடைக்க முடியாதபோது, பேசியவரைச் சபையின் முன் சிரிப்புக்கு உள்ளாக்கிவிட வேண்டும். வாதம் தானே சரிந்துவிடும். மேடைப் பயிற்சியில் நான் முதலில் தேர்ந்த வித்தை இதுதான். பள்ளி முதல் கல்லூரி இறுதியாண்டு வரை அது என்னைக் கைவிட்டதில்லை. அதைக் கொண்டு நான் வென்ற வாதங்களில் ஒன்று மட்டும் மேடையில் நிகழவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில், ஓடுகிற காருக்குள் நிகழ்ந்தது.

அந்தக் கார் என் அக்காவின் கணவருடையது. நெடுங்காலம் பிறர் வண்டிகளை ஓட்டிய பின் அத்தான் தமக்கென்று வாங்கிய பழைய டீசல் கார். முகூர்த்த நாளில் கல்யாணச் சவாரி, மற்ற நாளில் மதுரை ஆஸ்பத்திரிச் சவாரி. நானும் தங்கிப் படித்த அவ்வீட்டின் அடுப்பு அந்த இன்ஜினை நம்பித்தான் எரிந்தது.

வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு பல மாதங்களாக அணையாமல் இருந்தது. பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சென்சாரு கோளாறுதான் அண்ணாச்சி. வண்டி ஓடுதுல்லா? பொறவு என்ன?" என்று அனுப்பிவிட்டார். முன் இருக்கையில் ஏறுகிறவர்களின் கண்தான் தொல்லையாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் விளக்கைக் கண்டதும் இறங்கி, வேறு கார் பிடித்துப் போய்விட்டது. அன்று மாலையே அக்கா தன் பொட்டு அட்டையிலிருந்து ஆகப் பெரியதைப் பிரித்தெடுத்து, அந்த மஞ்சள் வெளிச்சத்தின் மேல் ஒட்டினாள்.

"ஏலே, சிரிக்காத. திருஷ்டிப் பொட்டுன்னு நெனச்சுக்கோ" என்றாள் என்னிடம்.

நாங்கள் கண்டும் காணாமல் விட்டது மஞ்சளை மட்டுமன்று. காலையில் காரை எடுத்த பின் வாசலில் கருப்பாய் ஓர் எண்ணெய் வட்டம் கிடக்கும். உள்ளங்கை அளவிலிருந்து அது தட்டு அளவுக்கு வளர்ந்தது. அக்கா கோலத்தை இரண்டடி தள்ளிப் போட்டாள். நான் அவ்வட்டத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு திருவிழாப் பட்டிமன்றம். அன்றைக்கு வந்த சவாரியை வேறொருவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, அத்தான் எங்களை அழைத்துச் செல்ல முன்வந்தார். நான் மேடையில் பேசி அவர் கேட்டதே இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். "மாப்ள பேசுததக் கேக்காம செத்துருவேனோன்னு பயமால்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். முன்னால் நான், பின்னால் என் அணியின் இருவர்.

வன்னியம்பட்டிப் பக்கம் வந்தபோது, பொட்டுக்கு அருகிலேயே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மூக்கு நீண்ட சிறு எண்ணெய்க் குடுவை. அதன் மூக்கில் ஒரு சொட்டு. அத்தானின் கால் உடனே தளர்ந்தது.

"மாப்ள, ஆயில் லைட்டு எரியுது. ஓரமா நிப்பாட்டி ஒரு எட்டு பாத்துருவோம்."

"எம்புட்டு நேரம் ஆகும் அத்தான்?"

"ஆப் பண்ணிச் செத்த நேரம் ஆறவிடணும். குச்சிய உருவி அளவு பாக்கணும். கொறஞ்சிருந்தா எவனையாச்சும் புடிச்சு ஆயில் வாங்கியாரச் சொல்லணும்."

அரை மணி நேரத்தில் நான் மேடையேற வேண்டும். என் அணியின் முதற்பேச்சு என்னுடையது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மஞ்ச லைட்டு எத்தன மாசமா எரியுது? கார் நின்னுச்சா? அதே கார், அதே ஒயரு. ஒரு லைட்டு பொய் சொல்லும்போது பக்கத்து லைட்டு மட்டும் சத்தியம் பேசுமா அத்தான்?"

பின்னிருக்கையில் ஒருவன் கைதட்டினான்.

"இல்ல மாப்ள, இது செவப்பு..."

"பொட்டுக்கும் அதான நெறம்? அக்காகிட்டச் சொல்லி இன்னொண்ணு ஒட்டிருவோம்."

"ஒரு பொட்டு, ரெண்டு பொட்டு. அடுத்து காருக்கு வளைகாப்பு வச்சிர வேண்டியதுதாண்ணே!" என்றான் மற்றவன்.

கார் முழுக்கச் சிரிப்பு. அத்தானும் சிரித்தார். அவர் சொல்ல வந்த வாக்கியம் பாதியிலேயே நின்றது. தளர்ந்த கால் மீண்டும் அழுந்தியது. வென்றுவிட்டேன் என்று நான் அறிந்த கணம் அது. அந்தக் களிப்பை இன்றும் என்னால் மறுக்க முடியவில்லை.

சிறிது தூரத்தில், தகரத்தின் மேல் கல் உருள்வது போல இன்ஜினுக்குள் ஓர் ஓசை எழுந்தது. பெருத்தது. பின்பு ஒரு முறை உலுக்கிக் கார் நின்றது. அத்தான் சாவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். உள்ளே எதுவும் அசையவில்லை. ஸ்டியரிங்கில் இரு கைகளையும் வைத்துக்கொண்டு அந்தக் குடுவையையே பார்த்திருந்தார்.

பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் பேருந்து தெரிந்ததும், "கை காட்டு மாப்ள. நீங்க போங்க, நேரமாச்சு. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

போனேன். தயங்கினேன் என்று எழுத ஆசைதான், தயங்கவில்லை.

வாழ்வை நகர்த்துவது அச்சமா துணிவா என்பது தலைப்பு. நான் துணிவின் பக்கம். நடுவர் வரத் தாமதமாகி, மன்றம் ஒரு மணி நேரம் பிந்தியே தொடங்கியது. தொடக்கத்துக்கு ஒரு கதை வேண்டியிருந்தது, வழியிலேயே கிடைத்துவிட்டது. "எனக்கு ஓர் அத்தான் இருக்கிறார். காரில் ஒரு விளக்கு எரிந்தால், கார் நிற்பதற்கு முன் அவர் நெஞ்சு நின்றுவிடும்! இன்று வரும் வழியில் ஒரு விளக்கு எரிந்தது. அச்சம் அங்கேயே காரோடு நின்றுவிட்டது. துணிவு பேருந்து பிடித்து இதோ உங்கள் முன் வந்துவிட்டது!" என்றேன். அரங்கு அதிர்ந்தது. அச்சப்பட்டவரை அச்சப்பட விடாமல் ஓட்டவைத்தவன் நான். அதையே தலைகீழாக்கிக் கைதட்டல் வாங்கினேன்.

கைதட்டல் ஓய்ந்தபோது கடைசி வரிசைக்குப் பின்னால் அவர் நிற்பதைக் கண்டேன். யாரோ ஒருவருடைய டிராக்டரில் காரைக் கட்டி இழுத்துப் பட்டறையில் விட்டுவிட்டு, என் பேச்சைத் தவறவிடக் கூடாதென்று ஓடி வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டையில் நெஞ்சோரம் கறுத்த கறை. அருகில் நின்றவர்கள் அந்த அத்தான் யாரென்று அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் சிரித்தார். காருக்குள் சிரித்த அதே சிரிப்பு.

திரும்பும் பேருந்தில், "நல்லா பேசுன மாப்ள" என்றார். என் மடியில் கேடயம் இருந்தது.

மறுநாள் பட்டறைக்காரர் இன்ஜினைத் திறந்து பார்த்தார். ஆயில் சொட்டுக்கூட இல்லை; அடியில் கழன்றிருந்த ஒரு போல்ட் வழியாக நாள்தோறும் வடிந்திருக்கிறது. உள்ளே இரும்போடு இரும்பு உரசிப் பிடித்துக்கொண்டது. "லைட்டு எரிஞ்சதும் ஆப் பண்ணிருந்தா ஒரு டப்பா ஆயிலோட போயிருக்கும். எம்புட்டு வருசமா ஓட்டுதீய அண்ணாச்சி, இதுகூடவா தெரியாது?" என்று கடிந்துகொண்டார்.

"கவனிக்கலப்பா" என்றார் அத்தான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. எந்தத் தலைப்பிலும் எந்தப் பக்கமும் பேசத் தெரிந்தவன், பட்டறையின் தரையில் கிடந்த நட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரைச் சரிசெய்ய வழியில்லாமல், நின்ற நிலையிலேயே விற்றார்கள். சாமான்களை எடுக்கும்போது முன்பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத, காரின் கையேடு ஒன்று என் கைக்கு வந்தது. பேசப்போகும் தலைப்புக்கு இருபக்கமும் படித்துத் தயாராகும் நான் அதை அன்றுதான் படித்தேன். மஞ்சள் எரிந்தால் நிதானமாக ஓட்டி, விரைவில் பட்டறையில் காட்ட வேண்டும். சிவப்பு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி, இன்ஜினை அணைக்க வேண்டும். இரண்டுக்கும் நான் ஒரே நீதி பேசியிருந்தேன். அக்கா பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அதன் பசை மட்டும் கண்ணாடியில் வட்டமாய் நின்றது.

அத்தான் இப்போது ஒரு நூற்பாலையின் வேன் ஓட்டுகிறார். மீண்டும் பிறர் வண்டி. சென்ற மாதம் ஒரு காலை, பேருந்து நிலையம் வரை அதில் ஏறிக்கொண்டேன். பின்னால் ஷிப்டுக்குப் போகும் பெண்கள். பாதி வழியில் சட்டென்று வேன் ஓரமாகி நின்றது. முகப்பில் வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி, சிவப்பாக: பிரேக் விளக்கு.

"என்னண்ணே, நேரமாச்சு! மேஸ்திரி கத்துவாரு!"

"நேத்தும் இப்படித்தான் ஒரு லைட்டுன்னு நிப்பாட்டுனீய. ஒங்க பயத்துக்கு எங்களுக்கு அரைநாள் போயிரும் போலிருக்கே!"

வேன் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும்.

அத்தான் கைபிரேக்கைத் தொட்டுப் பார்த்தார், இறங்கித்தான் இருந்தது; விளக்கு அதனால் எரியவில்லை. இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு மாப்ள. நிப்பாட்டணுமா, போவணுமா?"

"நிப்பாட்டணும் அத்தான்."

"நிப்பாட்டியாச்சு மாப்ள. ஒங்கிட்டக் கேக்கதுக்கு முந்தியே."

கதவைத் திறந்து இறங்கி, பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்கப் போனார்.