ஷாஹினாஸ் கட்டும் பிச்சிச்சரம்

ஷாஹினாஸ் பூக்கட்ட உட்கார்ந்துவிட்டார் என்றால், அறையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி முறையாக எடுத்துவிட்டது என்று பொருள். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து காலையில் வந்த பிச்சி மொட்டுகள் மடியில் ஒரு சுளகில் கிடக்கின்றன. ஈரத்துணியில் சுற்றிய வாழைநார் இடப்பக்கம். இரண்டு மொட்டு மேலே, இரண்டு மொட்டு கீழே, நாரை ஒரு சுற்று, ஓர் இழுப்பு. பார்வை மட்டும் பூவில் இல்லை. கட்டிலுக்கும் சன்னலுக்கும் இடையே கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெண்ணின் மேலேயே அது நிற்கிறது. வலி ஏறும்போது அவருடைய விரல்கள் நின்றுவிடுகின்றன. வலி இறங்கிய பிறகே அடுத்த மொட்டைத் தேடுகின்றன.

குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டிய நேரம் வந்ததும் சுளகை இறக்கி வைக்கிறார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். பூவைத் தொட்ட கை கழுவாமல் ஒரு பெண்ணைத் தொட்டு நான் பார்த்ததில்லை. துடிப்பைக் கேட்டு, தாளில் குறித்துவிட்டு, மறுபடி சுளகுக்கே திரும்புகிறார். இதற்கு நடுவில் பூ எதற்கு என்று, இந்த இல்லத்தைப் பற்றி எழுத வந்த முதல்நாளே கேட்டேன்.

“கை சும்மா இருந்துச்சுன்னு வையி மக்கா, அதுக்கு அரிப்பு எடுக்கும். உள்ள விட்டுப் பாப்பமா, ஊசி போடுவமா, கொஞ்சம் வெரசாக்குவமான்னு கெடந்து துடிக்கும். அங்க முக்கால்வாசி நேரம் நமக்கு ஒரு சோலியும் கெடையாது. கைக்குப் பூவக் குடுத்தா அது அடங்கிக் கெடக்கும்.”

சரம் முடிவதற்குள் குழந்தை பிறந்துவிடும் என்று கணக்கு ஏதும் இல்லை. சில நாள் ஒரு முழத்தில் முடிகிறது. சில நாள் சுளகு காலியாகி, பக்கத்து வீட்டுக் கனகாம்பரத்தையும் பறித்துவர வேண்டியிருக்கிறது. எத்தனை முழமானாலும் அது பெற்றவளின் தலைக்குத்தான் போகிறது.

இந்தப் பிரசவ இல்லம் இடலாக்குடியைத் தாண்டி, வயலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய ஓட்டுவீடு. இதைவிடக் குறைந்த வாடகைக்குக் கோட்டாற்றில் ஒரு மாடி வீடு கிடைத்ததாம். அங்கிருந்து அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் இருந்ததால் ஷாஹினாஸ் அதை வேண்டாம் என்றுவிட்டார். இல்லத்தின் ஆம்புலன்ஸ் சாலையைப் பார்த்துத் திரும்பியபடியேதான் எப்போதும் நிற்கும். அதன் சக்கரத்துக்கு முன்னால் யார் இருசக்கர வாகனத்தை நிறுத்தினாலும், அவர் உறவினரே ஆனாலும், திட்டு நிச்சயம். வாசலில் தொங்கும் பலகையில் ‘மருத்துவச்சி’ என்று எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ‘சிஸ்டர்’ என்றே அழைக்கிறார்கள்.

தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏலம் எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர். செவிலியர் படிப்பு முடித்து மஸ்கட்டில் பிரசவ அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். இயல்பாக நடக்கும் பேறு முழுவதையும் அங்கே மருத்துவச்சிகளே பார்த்தார்கள்; சிக்கல் வந்தால் மட்டும் டாக்டர் வந்தார். ஊர் திரும்பியவர் ஒன்றரை ஆண்டு மருத்துவச்சிப் பயிற்சியை முடித்துவிட்டு இந்த வீட்டைத் தொடங்கினார். ‘நான் இத்தனை பிரசவம் பார்த்தேன்’ என்று அவர் சொல்வதில்லை. “அவ பெத்தா. நான் கூட இருந்தேன்” என்பதே அவருடைய கணக்கு. கணவர் கமருதீன் இன்னும் ஷார்ஜாவில் இருக்கிறார். தினமும் நண்பகலில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்: “இண்ணைக்குப் பூவா, சோறா?” பூ என்றால் மறுபேச்சின்றி வைத்துவிடுவார். சோறு என்றால் சண்டை போடுவதற்கு நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே வலியெடுத்த பெண் மல்லாந்து படுத்துக் கிடப்பதில்லை. நடக்கிறாள், குனிந்து நிற்கிறாள், வெந்நீரில் குளிக்கிறாள், பசித்தால் கஞ்சி குடிக்கிறாள். கருவுற்ற காலம் முழுவதும் பரிசோதித்த அதே முகம்தான் வலியின்போதும் எதிரே இருக்கிறது. பதிவேடுகளைப் பார்த்தால், இங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கத்தியும் தையலும் இல்லாமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆனால் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது அதிலுள்ள ‘உடனிருந்தவர்’ என்ற கட்டம். கணவர், அக்காள், தாய், ஓரிடத்தில் மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து. அந்தக் கட்டம் காலியாக விடப்பட்ட பக்கம் ஒன்றையும் நான் காணவில்லை.

தேரூரைச் சேர்ந்த அபிதா இங்கே வந்ததற்கு அந்த ஒரு கட்டமே காரணம். முதல் குழந்தையை அவர் வேறோர் ஊரில் பெற்றார். கால்களைத் தூக்கி வைத்து, கத்தாதே என்று சொல்லிவிட்டு, ஆளாளுக்கு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். “வலி எனக்கு மறந்துட்டு. தனியாக் கெடந்தது மறக்கல்ல” என்றார் என்னிடம். ஷாஹினாஸிடம் அவர் கேட்ட உறுதிமொழியும் ஒன்றுதான்: என்ன ஆனாலும் தனியாக விடக்கூடாது. ஷாஹினாஸ் தலையை ஆட்டிவிட்டு, அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

அபிதாவின் மாமனார் தாணுவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல நேரம் பார்த்து அறுவை செய்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். சோசியரிடம் நேரமும் குறித்து வாங்கியிருந்தார். மகன் ஆனந்தகிருஷ்ணன் மனைவியின் பக்கம் நின்றுவிட்டதால், வேறு வழியின்றிக் கும்பப்பூ நெல் நடவைக் கூலியாட்களிடம் விட்டுவிட்டு வந்து, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியாக ஷாஹினாஸின் சுளகு அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

“ஏ சிஸ்டரே, பூக் கெட்டுததுக்கா பிள்ளைய இஞ்ச கொண்டாந்தோம்?”

“நீங்க நாத்து நட்டா என்ன செய்விய அண்ணாச்சி? வேரு பிடிச்சிட்டான்னு நித்தம் பிடுங்கிப் பிடுங்கிப் பாப்பியளோ?”

தாணு குடையை இடம் மாற்றி வைத்தார். சற்றுப் பொறுத்து, மகன் காதில் விழும்படி, “ஆம்பளைக்கு அங்க என்ன சோலி?” என்றார்.

“முதுகு தடவுத சோலி. நல்லாத்தான் செய்யான் உங்க மவன். வந்து பாக்கியளா?”

உள்ளே அபிதா வலிக்கு நடுவிலும் சிரித்துவிட்டார். சோசியர் குறித்த நேரம் வந்ததும் போனதும் தாணுவைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் சீராகவே போய்க்கொண்டிருந்தது. உதவிச் செவிலி ஷீஜா பாலில்லாத கட்டஞ்சாயா போட்டு வந்தார். ஷாஹினாஸின் சரம் ஒன்றரை முழத்தைத் தாண்டியிருந்தது.

அப்போது பனிக்குடம் உடைந்தது. நீர் பச்சையாக இருந்தது.

ஷாஹினாஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து துடிப்பைக் கேட்டார். ஒரு வலி வந்து போகும்வரை கேட்டார். அடுத்த வலிக்கும் கருவியை எடுக்காமல் கேட்டார். வலி அடங்கிய பிறகும் துடிப்பு பழைய வேகத்துக்கு ஏறவில்லை. சுளகைக் காலால் ஓரமாக நகர்த்தினார். சரத்தின் நுனி முடிச்சுப் போடாமல் தரையில் விழுந்தது. நார் முடிச்சில்லாமல் கிடந்தால் என்ன பொருள் என்று ஷீஜாவுக்குத் தெரியும்; ஓட்டுநரைக் கூப்பிட ஓடினார். ஷாஹினாஸ் அபிதாவை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்கும் முன்பே வாசலில் ஆம்புலன்ஸ் உறுமியது.

“டாக்டரே, பச்சத் தண்ணி. வலி அடங்குன பெறவும் துடிப்பு ஏற மாட்டேங்கு. கெளம்பிட்டோம்.” தொலைபேசியில் அவ்வளவுதான். பிறகு கட்டிலருகே குனிந்தார். “மக்கா, பிள்ள வயித்துக்குள்ளயே வெளிக்குப் போயிருக்கு. துடிப்பும் எனக்குப் பிடிக்கல்ல. ஆப்பரேஷன் வேண்டி வரும். இப்பம் போறோம்.”

“நீங்க?” என்றார் அபிதா.

“நானுந்தான்.”

“உள்ளயும் வருவியளா அக்கா?”

“உள்ளயும்.”

வராந்தாவில் தாணு எழுந்து நின்றிருந்தார். “நாஞ்சொன்னேம்லா. அப்பமே நாஞ்சொன்னேம்லா.”

“சொன்னிய அண்ணாச்சி” என்றார் ஷாஹினாஸ், நடந்தபடியே. “பிள்ளைக்குள்ள அந்தத் துணிப்பைய எடுத்துக்கிட்டு முன்சீட்டுல ஏறுங்க.”

பையைத் தாணு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

ஒரு பிரசவ இல்லத்தைப் பாராட்ட வருகிறவர்கள் அதன் கட்டிலையும் சுவரையும் அமைதியையும் பார்க்கிறார்கள். எனக்கு அதன் அருமை அந்தச் சாலையில்தான் புரிந்தது. வழியில் ஒரு கேட்டும் இல்லை. மருத்துவமனையில் அறுவை அரங்கின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டாக்டர் ஆன்ஸ்லின் கையுறையுடன் வாசலிலேயே நின்றிருந்தார். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை. “ஷாஹினாஸ் போன் வந்தா நான் கேள்வி கேக்கதில்ல. தியேட்டரத் தொறங்கன்னு சொல்லிட்டுத்தான் மிச்சத்தக் கேப்பேன்” என்று பின்னர் டாக்டர் என்னிடம் சொன்னார்.

அந்த நம்பிக்கை எளிதில் வந்ததல்ல. முதன்முறை ஷாஹினாஸ் ஒரு பெண்ணை இங்கே கொண்டுவந்தபோது அரங்குக்கு வெளியே தரையில் வரைந்திருக்கும் சிவப்புக் கோட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோட்டின் மேலேயே, உள்ளே போன பெண் வெளியே வரும்வரை, அவர் நின்றாராம். அதன்பிறகு மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. இன்று அரங்கின் அலமாரியில் அவர் பெயர் எழுதி ஒட்டிய பச்சை உடை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கணவர்களுக்கு இன்னும் அனுமதி இல்லை. “அதுவும் நடக்கும். நான் விடுவேனா?” என்கிறார்.

ஆனந்தகிருஷ்ணன் கோட்டுக்கு இப்பால் நின்றார். ஷாஹினாஸ் உடைமாற்றிக்கொண்டு அபிதாவின் தலைமாட்டில் ஒரு முக்காலியில் அமர்ந்தார். உள்ளே நடந்ததை அபிதா சொல்லித்தான் நான் அறிவேன். திரைக்கு அப்பால் நடப்பதை ஷாஹினாஸ் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். “இப்பம் கொஞ்சம் இழுக்கமாதிரி இருக்கும் மக்கா, பயப்படாத. தலை வந்துட்டு. ரெண்டு சுத்து கொடி கழுத்துல சுத்திக் கெடக்கு. எடுக்காவ. எடுத்தாச்சு.” குழந்தையின் குரலுக்காகக் காத்த அந்தச் சிறிது நேரத்தில் அபிதா தன் நகம் முழுவதையும் ஷாஹினாஸின் மணிக்கட்டில் பதித்திருந்தார். அழுகை கேட்டது. டாக்டர் குழந்தையைத் துடைத்து ஷாஹினாஸிடம் கொடுக்க, அவர் அதன் கன்னத்தை அபிதாவின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். பெண் குழந்தை.

பின்னால் வந்து சேர்ந்த ஷீஜாவோடு நான் உள்ளே போனபோது அபிதா தனியறையில் உறங்கிக்கொண்டிருந்தார். குழந்தை அவருடைய மார்பில் கிடந்தது. ஆனந்தகிருஷ்ணன் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் ஷாஹினாஸ். அபிதாவின் விரல்கள் உறக்கத்திலும் அவருடைய இடது மணிக்கட்டை விடவில்லை. நகம் பதிந்த இடங்கள் சிவந்திருந்தன. கமருதீனின் அழைப்பு வந்தது. “பூவுமில்ல, சோறுமில்ல. பெறவு கூப்பிடும்” என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்தார்.

ஷீஜா ஈரத்துணியைப் பிரித்து, பாதியில் நின்ற சரத்தையும் மீந்த மொட்டுகளையும் அவர் மடியில் வைத்தார். ஷாஹினாஸ் வலது கையால் நாரை எடுத்தார். ஒரு கையால் பூக்கட்ட முடியாது. இடது கையைப் பார்த்தார். அதை விடுவிக்க முயலவில்லை.

தாணு கதவருகே நின்றிருந்தார். பை இன்னும் அவர் நெஞ்சோடுதான் இருந்தது. ஷாஹினாஸ் நாரின் நுனியை அவர் பக்கமாக நீட்டினார்.

“இத ஒண்ணு பிடியுங்க அண்ணாச்சி.”

தாணு பையைத் தரையில் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தவர், என்ன நினைத்தாரோ, மூலையிலிருந்த குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பி வந்து நுனியை வாங்கினார்.

“இறுக்கிப் பிடிக்கணுமா?”

“மெள்ளப் பிடியுங்க. பூ நசுங்கப்பிடாது.”

அவர் பிடித்துக்கொண்டார். ஷாஹினாஸ் இரண்டு மொட்டுகளை எடுத்து நாரில் வைத்து, ஒற்றைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார்.