கல்லறை இல்லாத திருவேங்கடம்

திருவேங்கடம் என்ற பெயரைக் கேட்டுவிட்டு யாராவது இவர் கிறிஸ்தவ வேதக்காரர் என்று சொல்வார்களா? நெற்றியில் நாமம் இல்லாதது ஒன்றுதான் குறை. பாளையங்கோட்டையில் படிக்கிற காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர், சர்ட்டிபிகேட்டில் உள்ள பெயரை மாற்றினால் உத்தியோகத்துக்கு இடைஞ்சல் வரும் என்று அப்படியே விட்டுவிட்டார். அதே பெயரோடு கல்கத்தாவுக்கு வந்து, கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். ஆபீசில் இருந்த தமிழர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே எடுத்துக்கொண்டார்கள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

"ஆபீஸ்ல சொல்லிருங்களேன். இதுல என்ன வெக்கம்?" என்று அவர் மனைவி நேசம்மாள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"சொல்லுவோம், சொல்லுவோம். சொன்னா மத்தியானம் மெஸ்ஸுல எல போட மாட்டானுவளே" என்பார்.

வெட்கம் பாதி, வயிறு பாதி. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், வங்காளிக் கிறிஸ்தவர்களின் கோயிலை இரவல் வாங்கித் தமிழ்ச் சபை கூடும்போது முதலில் போய் பெஞ்சு துடைப்பவர் அவர்தான். கீர்த்தனை பாட ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். வீட்டுக்கு ஒருத்தரையும் கூப்பிட்டதில்லை. வீடு இண்டாலிப் பக்கம் என்பதற்கு மேல் ஆபீசில் யாருக்கும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில், ஜெர்மன் சண்டை முடிகிற தறுவாயில், அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்தது. துர்க்கா பூஜைக் கொட்டு ஒரு தெருவில் கேட்கும், பிணம் தூக்குகிறவர்களின் கூச்சல் அடுத்த தெருவில் கேட்கும். நேசம்மாளின் ஒரே மகள் ரூத்து, பாவாடை கட்டிக்கொண்டு பட்டாம்பூச்சி துரத்துகிற வயசு, ரெண்டே ராத்திரியில் போய்விட்டாள். சின்னப் பெட்டியைத் திருவேங்கடமே தோளில் சுமந்துபோய்க் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார். தமிழ்ச் சபை உபதேசியார் அங்கே நின்று, "அழாதீங்கம்மா. வெதைய மண்ணுல போட்டாத்தான மொளைக்கும்? பிள்ளைய இப்ப வெதைச்சிருக்கோம். கடைசி நாள்ல எந்திரிச்சு வருவா" என்றார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நேசம்மாள் வீடு வந்து சேர்ந்தாள்.

வந்ததும் அவளுக்கும் காய்ச்சல் அடித்தது. அவருக்கு அதைவிட மோசம். இருமினால் ரத்தம் வந்தது. "பெரியாஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிட்டு சாயந்தரம் வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ரிக்ஷாவில் ஏறினார். அதன் பிறகு அவளுக்கு நினைவில்லை. அடுத்த அறையில் இருந்த வங்காளிக் கிறிஸ்தவப் பெண், எல்லோரும் மாசி என்று கூப்பிடுவார்கள், பார்லித் தண்ணீரை ஊற்றி ஊற்றி அவளை உயிரோடு வைத்திருந்தாள். நேசம்மாளுக்குத் தெளிவு வந்தபோது பூஜை முடிந்திருந்தது. அவர் வந்திருக்கவில்லை.

வந்தது பட்டாபிராமன். திருவேங்கடத்துக்குப் பக்கத்து மேஜைக்காரர், பவானிப்பூர்வாசி, பஞ்சகச்சமும் கோட்டுமாக வாசலில் நின்றார். இண்டாலியில் சந்து சந்தாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"அம்மா, நான் உங்காத்துக்காரரோட வேலை பார்க்கறவன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலே. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆபீசுக்கு ஆள் வந்தது. நான் ஓடினேன். போறதுக்குள்ளே முடிஞ்சுபோச்சு."

நேசம்மாள் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். மாசி தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கே கேட்பாரில்லாத பிணத்தையெல்லாம் வண்டியிலே அள்ளிண்டு போறான்மா. நம்ம திருவேங்கடத்தை அப்படி விட மனசு வரலே. நாலு பேரைச் சேர்த்து நிம்தலா மயானத்துக்குத் தூக்கிண்டு போனேன். பிள்ளை இல்லையேன்னு நானே கொள்ளி வச்சேன். ஜாதி விட்டு ஜாதி எப்படிச் செய்யலாம்னு எங்காத்துல ஜகதாம்பாள் ஒரே சண்டை. போடீன்னுட்டேன். ஒரு குறையுமில்லாமப் பண்ணி, அஸ்தியைக் கங்கையிலே கரைச்சுட்டேன். நீங்க மனசைத் தேத்திக்கணும்."

"எரிச்சிட்டியளா?" என்றாள் நேசம்மாள்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் பட்டாபிராமன் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் சிலுவை இருந்தது. அதற்குக் கீழே மாடத்தில், கறுப்பு அட்டை போட்ட வேதபுஸ்தகம். வாசற்படியிலேயே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லலையேம்மா! மூணு வருஷம் பக்கத்துல உட்கார்ந்தானே. ஒரு வார்த்தை சொல்லலையே!"

யாரை என்ன சொல்வது? அவர் செய்தது பெற்ற பிள்ளை செய்கிற காரியம். தொட்டால் சாவு என்றிருந்த காய்ச்சலில், சொந்தக்காரன்கூட எட்டி நின்ற நேரத்தில், தோள் கொடுத்திருக்கிறார். நேசம்மாளுக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, கும்பிடவும் கை வரவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவில்லை. மண்ணில் போட்ட விதை முளைக்கும், சரி. வறுத்த விதை முளைக்குமா? எள்ளை வறுத்துத் தூவிவிட்டு எந்தக் குடியானவனாவது மழைக்குக் காத்திருப்பானா? கடைசி நாளில் ரூத்து எழுந்து வந்து, அப்பா எங்கே என்று கேட்டால் அவள் எந்தப் பக்கம் கையைக் காட்டுவாள்? செத்தால் அவரைப் பார்க்கலாம் என்ற ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் போய்விட்டதோ?

உபதேசியாரிடம் போய்க் கேட்டாள். அவர் நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர். "ஆண்டவர் பாத்துக்கிடுவார்மா" என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். சபையில் மூத்தவள் செல்லத்தாய் அம்மாள், இவளுக்குக் கேட்கட்டும் என்றே, "ஆபீஸ்ல ஆண்டவர மறைச்சாரு. ஆண்டவரு இப்ப அவர மறைச்சிட்டாரு" என்றாள். வாயா அது!

பட்டாபிராமன் மறுபடி வந்தபோது, "அந்த எடத்த எனக்குக் காட்டுங்க" என்றாள்.

"பொம்மனாட்டிகள் அங்கெல்லாம் வரப்படாதும்மா."

"எனக்கு வேற எங்க போவச் சொல்லுதிய?"

மாசியையும் துணைக்கு ஏற்றிக்கொண்டு குதிரை வண்டியில் நிம்தலாவுக்குப் போனார்கள். புகை கண்ணைக் கரித்தது. வரிசையாகச் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. காய்ச்சல் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை.

"எந்த எடம்?"

பட்டாபிராமன் ஒரு சிதையைக் காட்டினார். அதில் யாரோ எரிந்துகொண்டிருந்தார்கள். "இல்லே, அதுக்கு அடுத்தது" என்றார். அதிலும் ஒருவர். இரண்டடி முன்னே போனார், பின்னே வந்தார். வெட்டியானிடம் அரைகுறை வங்காளத்தில் கேட்டார். அவன் கை விரித்தான். "நேக்கே தெரியலையேம்மா" என்று சொல்லி, அத்தனை பேர் நடுவிலும் அந்தப் பெரிய மனுஷர் குலுங்கி அழுதார். "நான் பாவம் பண்ணிட்டேனா? சொல்லுங்கோம்மா."

நேசம்மாள் ஆற்றுப் பக்கம் திரும்பி நடந்தாள். படித்துறையில் நின்று கங்கையைப் பார்த்தாள். பழுப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அதில் அவரை எங்கே தேடுவது? பின்னாலேயே வந்தவரிடம், "முகம் எப்படி இருந்துது?" என்று மட்டும் கேட்டாள்.

"தூங்கற மாதிரிதான் இருந்தான். கண்ணை நான்தான் மூடினேன்."

நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். சபையார் எல்லாரும் அவரவர் கல்லறையைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். உபதேசியார் கல்லறை கல்லறையாக நின்று ஜெபம் பண்ணிக்கொண்டே வருவார். கல்லறை இல்லாதவருக்கு எங்கே நிற்பது?

ரூத்து குழியில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை. உபதேசியார் பிள்ளைக்காக ஜெபித்து ஆமென் சொல்லிவிட்டு, அடுத்த கல்லறைக்குத் திரும்பினார்.

"ஐயா, அவுகளுக்கு?" என்றாள் நேசம்மாள்.

அவர் தயங்கினார். பின்னாலிருந்து செல்லத்தாய் அம்மாள், "கல்லறை இருந்தால்லா ஜெபம் பண்ணுவாவ" என்றாள்.

நேசம்மாளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தவள் இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஏன் ஐயா, சிலுவையில செத்த ஆண்டவர அடக்கம் பண்ணி மூணாம் நாளு, விடியுமுந்தி ஒடம்புல பூசக் கந்தவர்க்கத்தத் தூக்கிக்கிட்டுப் போனாவளே, அந்தப் பொம்பளையளுக்கு ஒடம்பு கெடைச்சுதா? வெறுங்குழியப் பாத்துட்டு, எங்க கொண்டு வச்சாவளோன்னு அழத்தான செஞ்சாவ? என்னைய மாதிரிதான அழுதாவ? அவரு எந்திரிச்சது பொறவுதான தெரிஞ்சுது. நம்ம நம்பிக்கையே அந்த வெறுங்குழியிலதான ஐயா தொடங்குச்சு. எனக்குக் குழியும் இல்ல. அம்புட்டுத்தான வித்தியாசம்? சொல்லுங்க ஐயா, அம்புட்டுத்தான?"

கேட்டவளுக்கே அது கேள்வியா பதிலா என்று தெரியவில்லை. உதடு கோணிக்கொண்டு நின்றாள். செல்லத்தாய் அம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். உபதேசியார் குழியோரச் சேற்றிலேயே முழங்கால் போட்டு, "உம்முடைய அடியான் திருவேங்கடத்தை" என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தாமல் ஜெபித்தார். அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு பெயர் அதுவரை ஒலித்ததில்லை.

வானம் ஒன்றும் திறந்துவிடவில்லை. அவள் நெஞ்சில் இருந்த பாரமும் இறங்கவில்லை. ஆனால் வறுத்த விதை என்ற அந்த நினைப்பு மட்டும் கொஞ்சம் பிடி தளர்ந்தது. அந்தப் பெண்களும் ஒன்றும் புரியாமல்தானே அழுதுகொண்டு நின்றார்கள் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

வெளிக்கதவருகே பட்டாபிராமன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று தெரியாமல் காலையிலிருந்தே அங்கே நின்றிருக்கிறார்.

"அவன் பேரைச் சொன்னது கேட்டுது" என்றார். அப்புறம் மெல்ல, "திரும்பப் பார்ப்பேளாம்மா அவனை? உங்க சாஸ்திரத்துல அப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. பகல்ல நம்புதேன் ஐயா. ராத்திரியானா முடியல. நம்பாட்டா நான் எங்க போவேன், சொல்லுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பாவம் ஒண்ணும் பண்ணல. அவுகளத் தூக்குனவுக நீங்க ஒருத்தருதான். பாவம் பண்ணுனது அவுக வாயி. அவுகளப் பாத்த ஒடனே மொதல்ல நல்லா ஏசுவேன், மூணு வருசத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதான்னு. ஏசி முடிச்ச பொறவுதான் பிள்ள எங்கன்னு கேப்பேன்."