ஒறம்பரை வந்த வீடு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தயங்கினேன். எழுத உட்காருவேன்... கடைசியில் வேறு எதையாவது எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு ஜமீலா மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்ணா, எங்கூட்டு டம்ளரை அடுத்த ஒறம்பரைக்குன்னு பத்திரமா வெச்சிருக்கீங்களாட்ட?" என்று சிரித்தார். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. இனி எதை மறைக்க?

என் மனைவி இறந்த சமயம் அது. காரியம் முடிந்து கனடாவுக்குக் கிளம்பிய மகள், என் செல்போனில் ஒரு ஆடியோ நாவலைப் போட்டுக் கொடுத்தாள். "ராக் பேண்ட் கதைங்கப்பா. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ஆளு பேசுவாங்க. பொழுது போகும்."

பேண்ட் என்றால் எனக்குத் தெரிந்தது கல்யாண ஊர்வலத்து பேண்ட் செட்தான். எட்டாவதோடு நின்ற படிப்பு... ராக் எல்லாம் எங்கே தெரியும்?

ஆனால் சாயங்காலம் விளக்கேற்றி, திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டு உட்கார்ந்தால் வீடு கம்மென்று இருக்கும். ஒருநாள் தாங்க முடியாமல் அந்தக் கதையைச் சத்தமாக வைத்துவிட்டேன்.

அடேயப்பா! நாலு பசங்க, பாடுகிற பெண் ஒருத்தி. வேனில் ஊர் ஊராகப் போகிறார்கள். சிரிக்கிறார்கள், கத்துகிறார்கள். பாட்டு வந்தால் காது வலித்தது. சண்டை மட்டும் பிடித்திருந்தது — வீட்டில் ஆள் இருக்கிற சத்தம் அல்லவா?

அப்போது டிரம்ஸ் அடிக்கிற பையன் கோபித்துக்கொண்டு, "நான் போறேன்" என்று கிளம்பினான். எனக்குப் பொறுக்கவில்லை. நம் பக்கம் யாராவது அப்படிச் சொல்வார்களா?

"போறேங்காதே சாமி... வாரேன்னு சொல்லிட்டுப் போ!" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

என் மனைவியும் 'வாரேன்' என்று சொல்லாமல்தான் போனாள்.

வாசலில் ஜமீலா. ஒரு கையில் தூக்குப் போசி நிறைய டீ, மறு கையில் டம்ளர் அடுக்கிய தட்டு. "ஒறம்பரை வந்திருக்காங்களாட்ட இருக்குதுங்ணா? ஒரே பேச்சுச் சத்தம். அண்ணி இல்லாத ஊட்டுல ஆரு டீ வெச்சுக் குடுப்பாங்கன்னு கொண்டாந்தேன்."

உள்ளே ஒருவருமில்லை என்று எப்படிச் சொல்ல? 'இப்பத்தான் கெளம்புனாங்க' என்று வாய் வரை வந்தது. ஆனால் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்ததே!

"ஆரும் வரலீங் அம்மணி. போன்தான் பேசுது."

ஜமீலா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு டம்ளரில் டீயை ஊற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"சரி... கோவிச்சுட்டுப் போன பையன் திரும்பி வந்தானுங்ளா?"

"தெரியலீங்."

"அப்ப போடுங்க, கேப்போம்."

கேட்டோம். அவன் வரவே இல்லை.

மிச்ச டம்ளர்களை ஜமீலா எடுத்துப் போகவில்லை. நானும் கொடுக்கவில்லை. அலமாரியில் இருக்கின்றன.

யாரிடமாவது இதைச் சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். கடைசியில் பையன் திரும்பிவிட்டான், மகளும் வந்துவிட்டாள் என்று நீங்களாக எதையும் சேர்த்துவிட வேண்டாம்.

சரிங்க... வாரேன்.