கண்ணாடிக்கடை அண்ணன் பிரிக்காமல் அனுப்பிய கடிதம்

எங்கள் குடும்பத்தில் நான்கு முத்துவீரப்பன்கள் இருக்கிறோம். தாத்தாவின் பெயர் முத்துவீரப்பன். செட்டியார் வீட்டு வழக்கப்படி மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்க வேண்டும். தாத்தாவுக்கு நான்கு மகன்கள். நால்வரும் வழக்கத்தை மீறாதவர்கள். அதனால் நான்கு வீட்டிலும் மூத்த பையனுக்கு ஒரே பெயர். யாராவது ஒருவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அனுபவிப்பது நாங்கள்.

கூப்பிடுவதற்கு வசதியாகப் பெயருக்கு முன்னால் ஊரையோ தொழிலையோ சேர்த்துக்கொள்வார்கள். பினாங்குத் தீவில், பினாங்கு ஸ்திரீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் கண்ணாடிக்கடை முத்துவீரப்பன். அவருக்கு அறுபத்து மூன்று வயது, எங்களில் மூத்தவர். ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர் பட்டர்வொர்த் முத்துவீரப்பன். பழைய கார் வாங்கி விற்பவர் ஜுரு முத்துவீரப்பன். கடைசி ஆள் நான், சிம்பாங் அம்பாட். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்துக்கொள்கிறேன்.

இது கண்ணாடிக்கடை அண்ணனைப் பற்றியது. நல்லவிதமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் முடிகிறது என்று பார்ப்போம்.

அண்ணனை இதுவரை எவனும் ஏமாற்றியதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். மின்னஞ்சல் வந்தால் முதலில் அனுப்பியவரின் முகவரியைப் பார்ப்பார். கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியைப் படிப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாக, உதட்டை அசைத்துப் படிப்பார். ஓர் எழுத்து பிசகினாலும் அழித்துவிடுவார். பிசகாவிட்டாலும் அதில் உள்ள லிங்க்கைத் தொடமாட்டார். வங்கிக்குப் போக வேண்டுமென்றால் வங்கியின் முகவரியைத் தானே தட்டித்தான் போவார், இல்லையென்றால் கடையைப் பூட்டிவிட்டு நடந்தே போய்விடுவார்.

ஒருமுறை ஹபீபா பீவி என்ற வாடிக்கையாளர் பதறிக்கொண்டு கடைக்குள் வந்தார். இருபத்து நான்கு மணி நேரத்தில் உறுதி செய்யாவிட்டால் பணக் கணக்கு முடக்கப்படும் என்று அவருக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. அண்ணன் போனை வாங்கிப் பார்த்தார்.

"ஒங்க பேரு அவனுக்குத் தெரியுமா இல்லியா?"

"தெரியும்லா, கணக்கு எம் பேர்லதான இருக்கு."

"அப்பறம் ஏன் 'அன்பான வாடிக்கையாளரே'ங்கறான்? பேரு தெரியாதவனுக்கு நீங்க ஏன் பாஸ்வேர்ட் சொல்லணும்?"

அந்த அம்மாள் அங்கேயே அதை அழித்தார். அண்ணன் அவருக்குப் புதிதாக ஒரு கண்ணாடி ஃபிரேமும் விற்றுவிட்டார். இவ்வளவு கெட்டிக்காரர்.

இப்போது அவருடைய இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒரே பெயரில் மின்னஞ்சல் வைத்திருக்கிறோம். முதலில் வாங்கியவர் அண்ணன் என்பதால் அவருடையதில் எண் கிடையாது. மற்றவர்களுக்கு வயதுப்படி இரண்டு, மூன்று, நான்கு. எங்கள் முகவரியை எழுதிக்கொள்கிறவர்களில் பாதிப்பேர் அந்த எண்ணை விட்டுவிடுவார்கள். என்னுடைய விமான டிக்கெட், ஜுரு அண்ணனின் இன்ஷூரன்ஸ், பட்டர்வொர்த் அண்ணனின் ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் கண்ணாடிக்கடைக்குத்தான் போகும்.

அண்ணன் அவற்றைப் பிரித்துப் பார்க்கமாட்டார். அடுத்தவன் கடிதத்தைப் பிரிப்பது ஈனம் என்பார். தலைப்பை மட்டும் பார்ப்பார், அது தனக்கு இல்லையென்று தெரிந்தால் திறக்காமலே வரியைத் தேர்ந்தெடுத்து உரியவருக்கு அனுப்பிவிடுவார். மேலே ஒரு வரி எழுதுவார்: "இது உன்னுடையது என்று நினைக்கிறேன். பிரிக்கவில்லை." மற்ற இரண்டு அண்ணன்களும் அவரைப் பார்த்து அப்படியே செய்வார்கள். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் மரியாதை.

என் மனைவி சீதை முறுக்கு, சீப்புச் சீடை, மணகோலம் எல்லாம் வீட்டில் செய்து விற்கிறாள். ஆர்டர் போனில் வரும், பணம் ஆன்லைன் கணக்கில் விழும். கணக்கு திறந்த அன்று அவள் கையெல்லாம் மாவு. அதனால் என் பெயரில் திறந்தேன். ஏழு மாதத்தில் அதில் ஆறாயிரத்து எண்ணூறு வெள்ளி சேர்ந்தது. சிம்பாங் அம்பாட்டில் புதிதாகக் கட்டிய வரிசையில் ஒரு சின்னக் கடை, அதற்கு முன்பணம் சரியாக அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். சீதைக்கென்று ஒரு கடை. அதற்காக அவள் அடுப்பு முன்னால் நின்ற நேரத்தை நான் பார்த்திருக்கிறேன். 

அந்த வாரத் திங்கட்கிழமை அண்ணனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பில் ஓர் ஆன்லைன் பண நிறுவனத்தின் பெயரும் 'முத்துவீரப்பன், உங்கள் பணக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்ற வரியும் ஆங்கிலத்தில் இருந்தன. அண்ணனுக்கு அந்த நிறுவனத்தில் கணக்கே கிடையாது. ஆகவே அது அவருக்கு வந்ததல்ல. பிரிக்காமல் பட்டர்வொர்த்துக்கு அனுப்பினார். பட்டர்வொர்த்துக்கும் கணக்கு இல்லை. அவர் ஜுருவுக்கு அனுப்பினார். ஜுரு அண்ணன் காசைக் கையில் எண்ணி வாங்கினால்தான் நம்புகிறவர். அவர் எனக்கு அனுப்பினார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது என் போனுக்கு வந்து சேர்ந்தது. மேலே மூன்று அண்ணன்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள்: பிரிக்கவில்லை, பிரிக்கவில்லை, பிரிக்கவில்லை. சீதையின் பணம் சேர்ந்த என் கணக்கு அந்த நிறுவனத்தில்தான் இருந்தது. ஆகவே கடிதம் சரியான ஆளிடம் வந்துவிட்டது. கண்ணாடிக்கடை அண்ணன் கையைத் தாண்டி வந்த ஒன்றைச் சந்தேகப்பட நான் யார்?

லிங்க்கை அழுத்தினேன். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்தது, அதையும் கொடுத்தேன். நன்றி என்று வந்தது. கணக்கைக் காப்பாற்றிய நிம்மதியில் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் குடித்தேன்.

மறுநாள் பார்த்தபோது கணக்கில் பதினோரு காசு இருந்தது. அதை ஏன் விட்டுவைத்தான் என்று இன்றுவரை தெரியவில்லை. வங்கிக்கும் மோசடிப் புகார் எண்ணான 997க்கும் அழைத்தேன், போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தேன். பணம் அதற்குள் மூன்று கணக்கு தாண்டிவிட்டது, நேற்றே சொல்லியிருந்தால் ஒருவேளை பிடித்திருக்கலாம் என்றார்கள். நேற்று நான் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னபோது சீதை முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்த ஈடு வேகும்வரை அடுப்பு முன்னாலேயே நின்றாள். எடுத்து வடியவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு போச்சு?"

"எல்லாம்."

"யாரு அனுப்புனது?"

"அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"மூணு பேரும்."

அவள் வடியவைத்த முறுக்கை எடுத்து டப்பாவில் அடுக்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை அந்தக் கடை வேறு ஒருவருக்குப் போனது. அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு ஒங்களுக்கு லீவுதான? பெர்ரில போய் கண்ணாடிக்கட அத்தானப் பாத்துட்டு வருவோம்."

பட்டர்வொர்த்தில் காரை விட்டுவிட்டுத் தீவுக்குப் போகும் படகில் ஏறினோம். கரை வரும்வரை அண்ணனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.  ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷன், தன் தம்பிக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்த்தால் கண் அவிந்துவிடுமா? இதைக் கேட்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சீதை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணன் அந்த மின்னஞ்சலைத் தாளில் அச்சடித்து மேசைமேல் வைத்திருந்தார். பூதக்கண்ணாடியும் பக்கத்தில் இருந்தது.

"ஒக்காரு. இதப் பாரு. அனுப்புனவன் அட்ரஸ்லயே தப்பு இருக்கு. இருபத்து நாலு மணி நேரம்னு வெரட்டறான். லிங்க்ல வேற எவனோ கம்பெனி பேரு. நீ எதையுமே பாக்கலியா, தம்பி?"

"நீங்க பாத்தீங்களாண்ணே?"

"நான் எப்பிடிப் பாப்பேன்? ஒனக்கு வந்த லெட்டரு. எனக்கு வந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல அழிச்சிருப்பேன்."

"அது ஒங்களுக்குத்தாண்ணே வந்துச்சு," என்றேன்.

ஒத்திகை பார்த்ததில் இந்த ஒன்றுதான் வாயில் வந்தது. அதுவும் சத்தமாக வரவில்லை. திருடனுக்கு நாங்கள் நான்கு பேர் என்பதே தெரியாது. எண் இல்லாத முகவரிக்கு, ஆயிரம் பேருக்கு அனுப்புவதுபோல அனுப்பியிருக்கிறான். வேறு யாருக்காவது வந்திருக்கும் என்று நினைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது நாங்கள்தான்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து செக் புத்தகத்தை எடுத்தார்.

"ஆறாயிரத்து எண்ணூறுதானம்மா?" என்று சீதையிடம் கேட்டார்.

சீதை அந்தப் புத்தகத்தை மெதுவாக மூடினாள். "காசு வேணாம் அத்தான். அந்தக் கடைதான் போயிருச்சே."

"வேற என்னம்மா செய்யட்டும்?"

"இந்தக் கடைல வாசப்பக்கம், வலது கை ஓரம் சும்மாதான கெடக்கு. பழைய ஃபிரேமு பெட்டிதான் அடுக்கியிருக்கீங்க. அத எனக்குக் குடுங்க. அடுப்பு வைக்க மாட்டேன், வீட்ல செஞ்சு கொண்டாந்துருவேன். ரெண்டு வருஷத்துக்கு வாடக கேக்காதீங்க."

"கண்ணாடிக் கடைல முறுக்கா?"

"ரோட்ல போற சனமெல்லாம் இந்த வாசலத் தாண்டித்தான போவுது."

அண்ணன் வாசலைப் பார்த்தார். பக்கத்துக் கடைப் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே சனிக்கிழமைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் கண்ணாடி வாங்க உள்ளே திரும்பவில்லை.

"யாரும் எங்கிட்ட இப்பிடி மூஞ்சிக்கு நேரா கேட்டதில்லம்மா," என்றார். பிறகு, "எத்தன அடி வேணும்?"

"ஏழுக்கு நாலு," என்றாள் சீதை. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூணு வருஷத்துக்கு முந்தி தீவாளிக்கு வந்தப்பவே காலால அளந்து வச்சிருக்கேன், அத்தான்."

நான் அவளைப் பார்த்தேன். சிம்பாங் அம்பாட் கடையைத் தேடிப் பிடித்தது நான். வீட்டுக்குப் பக்கம், உனக்குச் சௌகரியம் என்று சொல்லிப் பேசி முடித்ததும் நான். அவள் சரி என்றாள். உனக்கு எங்கே கடை வேண்டும் என்று அந்த ஏழு மாதத்தில் நான் ஒரு நாளும் அவளைக் கேட்கவில்லை.