சமையல் லைசென்சுக்கு ஒரு கைநாட்டு

எங்கள் ஊரில் நாற்று நடும் வேலை குறைந்துபோனதற்குத் தனியாக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வயல் இருந்த இடத்தில் கம்பெனி வந்தது. கம்பெனியில் வேலை கேட்டு கும்மிடிப்பூண்டி பக்கம் எந்த கேட்டில் போய் நின்றாலும், முப்பதைத் தாண்டிய பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு முப்பத்தெட்டு. படிப்பு எட்டாவது. நூறு நாள் வேலையும் எப்போதாவதுதான் கிடைக்கும். மிச்சம் தெரிந்தது சமையல் ஒன்றுதான்.

அதற்கும் ஒரு வழி வந்தது. ஒரு கம்பெனியில் கேன்டீன் எடுத்திருந்தவர், காலை நாஷ்டாவுக்கு இட்லியை வெளியே வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் இட்லியைச் சாப்பிட்டுப் பார்த்தார். பிடித்துவிட்டது. "லைசென்ஸ் எடுத்துக்கினு வாம்மா, மாசம் பொறந்ததும் ஆரம்பிச்சிக்கலாம். இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார். மாசம் பிறக்கப் பத்து நாள் இருந்தது.

இ-சேவை மையத்துப் பெண் இரண்டு தாள் கேட்டாள். சமைக்கிற வீட்டின் பட்டா நகல் ஒன்று. அங்கே சமைக்க ஆட்சேபணை இல்லை என்று வீட்டின் உரிமையாளர் கொடுக்கும் கடிதம் ஒன்று. கடிதத்தை அவளே டைப் அடித்து, பெயருக்கு இடம் விட்டுக் கொடுத்தாள். உரிமையாளர் என்றால் என் மாமனார். வேறு யார்?

மாமனார் கெட்டவர் இல்லை. காகிதம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. அவருடைய அப்பா காலத்தில் யாரோ வந்து ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம். அடுத்த வருஷம், வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தைச் சுற்றி காம்பவுண்டு சுவர் எழும்பியது. எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் இந்தக் கதை உண்டு. கொரியர் வாங்கக் கையெழுத்துப் போடுவதற்குக்கூட ஆண்கள் நாலு தடவை யோசிப்பார்கள்.

"ஜெராக்ஸ் வேணா எடுத்துக்கோ. கைநாட்டு மட்டும் கேக்காத. இன்னிக்கு இட்லிக்கும்பானுங்க, நாளிக்கு ஊடு எவன் பேர்ல கீதோ, யாருக்குத் தெரியும்?" என்றார் மாமனார்.

கடிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். அசையவில்லை. கணவரிடம் சொன்னால், "நைனா ஊடு, நைனாகிட்ட கேளு" என்று செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஆத்திரத்தில் இரண்டு நாள் மாமனாருடைய சட்னியில் உப்புப் போடவில்லை. சின்னப் புத்திதான். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்று நாள் மிச்சம் இருக்கும்போது, வேறு வழி இருக்கிறதா என்று கெஞ்சுவதற்காக மறுபடி இ-சேவை மையத்துக்குப் போனேன். அந்தப் பெண் பட்டா நகலை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? பட்டா உங்க மாமனார் பேர்லயே இல்லியே. பொம்பள பேரு போட்டுக்கீது."

என் மாமியாரின் பெயர். இலவச மனை கொடுத்தபோது வீட்டுப் பெண்களின் பெயரில் கொடுத்திருக்கிறார்கள். அந்த நகல் ஒரு வாரமாக என் பையில்தான் கிடந்தது. சர்வே நம்பரைச் சரிபார்த்தேன், தெருப்பெயரைச் சரிபார்த்தேன். உரிமையாளர் பெயரைப் படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது மாமனார் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது.

வீட்டில் மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, ஊடு உங்க பேர்ல கீது" என்றேன்.

"தெரியும். ஆபீஸ்ல என்னத்தான கூப்ட்டுக் குடுத்தாங்க."

"அப்ப ஏன் சொல்லல? ஒரு வாரமா பேஜாரா அலையறேனே!"

"நீ அவரத்தான கேட்டுக்கினு இருந்த."

பதினேழு வருஷமாக மாமியாரோடு ஒரே அடுப்படியில் நிற்கிறேன். உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். இதைச் செய்யட்டுமா என்று ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அன்றுதான் கேட்டேன்.

மாமியார் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "மொத்தமும் படி" என்றார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். காலியாக இருந்த இடத்தில் அவர் பெயரை எழுதினேன். மாமனாருக்காக வாங்கி வைத்திருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்ததும், கட்டைவிரலை அழுத்தி, பெயருக்குக் கீழே பதித்தார்.

மாமனார் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம கைய வெக்கிறியா?"

மாமியார் மையைத் தரையில் தேய்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு தபா படிச்சுக் காட்டுனா. உன்னக் கேக்கணும்னு அதுல எங்கியும் எழுதல."