ஏழு அங்குல ரிம்மும் அத்தானின் டயரும்

என் அக்காவின் புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நான் நடுநிலையோடு எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட டயர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில் டயர்களை விட அவர் வாயில்தான் காற்று அதிகம்.

பழைய ஜப்பான் கார் ஒன்றை நான் பந்தயத்துக்காகத் திருத்தி எடுத்திருந்தேன். தெற்கே ஒரு தார்த் தடத்தில் ஞாயிற்றுக்கிழமை பந்தயம். டயர் நான் தருகிறேன், ஆனால் ஓட்டுவதும் நான்தான் என்றார் அத்தான். ஒரு காருக்கு ஒரு சாரதிதான். பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு அக்கா முன்னால் ஒரு முடிவுக்கு வந்தோம். சனிக்கிழமைப் பயிற்சியில் அவரவர் விரும்பிய டயரைப் பூட்டி ஓட வேண்டும். யார் ஒரு சுற்றை வேகமாக முடிக்கிறாரோ, பந்தயத்தில் அவருக்கே ஆசனம். நான் ஐந்து வருசம் அந்தக் காரோடு மாரடித்தவன். அந்த ஆசனம் எனக்கு வேண்டும்.

என் ரிம் ஏழு அங்குல அகலம். அதில் இருநூற்றுப் பதினைந்து மில்லிமீற்றர் டயர் அளவாக உட்காரும். அத்தான் தனக்கென்று எடுத்தது இருநூற்று நாற்பத்தைந்து. அதே அகல ரிம்மில் பூட்டியதும் அதன் பக்கங்கள் பிதுங்கி, இறுக்கமான சட்டை போட்ட தொப்பைக்காரர் போல நின்றது. ஆளுக்கும் டயருக்கும் நல்ல பொருத்தம்.

இரண்டு வகை டயரையும் மாறி மாறிப் பூட்டி, குறுக்கே சோக்கட்டியால் வெள்ளைக் கோடு போட்டு, ரோட்டை மறித்து நின்ற கழுதைகள் விலகும் வரை காத்திருந்து, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். என் டயரில் கோடு முழுதாக அழிந்திருந்தது. அவருடையதில் நடுப்பகுதி மட்டும் அழிந்து, இரண்டு ஓரமும் வெள்ளையாகவே இருந்தன. அகலம் அகலம் என்று பூட்டிய ரப்பர் ரோட்டையே தொடவில்லை. கடையில் நாலு பேர் இருக்கும்போது அதைக் காட்டினேன். காற்றை இறக்கினால் ஓரமும் படியும் என்றார் அத்தான். கடற்கரை மணலில் வள்ளம் இழுக்கப் போகும் பிக்கப்புகளுக்கு எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது அதுதான். அகல டயரைப் பூட்டிக் காற்றைப் பாதியாக இறக்கினால் மணலில் புதையாது. தார்த் தடத்து வளைவில் அப்படிப் போனால் டயர் ரிம்மை விட்டே கழலும் என்றேன்.

"மண்ணில இருபது வருசமா ஓடுறன். எனக்கு நீ படிப்பிக்கிறியோ?"

நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், சனிக்கிழமை வரை பத்திரமாக வைத்திருந்தேன்.

பயிற்சியில் முதலில் நான் ஓடினேன். கார் நினைத்த இடத்தில் திரும்பியது. அடுத்து அத்தான், தன் டயர்களோடு. ஒவ்வொரு வளைவிலும் கார் ஆடி அசைந்து போனது. என் நேரத்துக்குக் கிட்டவும் வரவில்லை. நிறுத்திவிட்டு இறங்கினார். முகம் கறுத்திருந்தது. என் பக்கம் திரும்பாமல் முன் சக்கரத்தடியில் குந்தி, தீக்குச்சியால் வால்வை அமத்தினார். உஸ்ஸென்று காற்று போனது. அளவுமானி கூட வைக்கவில்லை, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நாலு சக்கரத்துக்கும் இதே வேலை. நான் பத்தடி தள்ளி, டயர்கள் ஏற்றி வந்த வான் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே வேறு யாரும் இல்லை. கழலும் என்று சொன்னவனே நான்தான், அதனால் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை. நல்லாய்த் தோற்றுவிட்டு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அத்தான் மறுபடி ஏறி ஓட்டிப் போனார். இரண்டாவது வளைவில் இடப்பக்க முன் டயர் கழன்றது. வெறும் ரிம் தாரைக் கிழிக்க, கார் சுழன்று போய்ச் சுவரில் பக்கவாட்டாக மோதியது. அத்தானுக்குத் தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. கார் இனி எதற்கும் உதவாது.

மறுநாள் அக்கா பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தா. அத்தானைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நான் இருந்த நீள வாங்கில் என் பக்கத்தில் இருந்தா.

"அவர் காத்து இறக்கினதை நீ கண்டனியோ?"

"கண்டனான்."

கடையில் எத்தனை பேர் முன்னால் சொன்னேன், எப்படிச் சிரித்தார்கள் என்பதையெல்லாம் சொன்னேன். சோக் கோட்டைப் பற்றியும் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டா.

"டயர் விசயத்தில நீ சொன்னதுதான் சரி. இனி எங்கட வீட்டுப் பக்கம் வராதை."

எழுந்து உள்ளே போய்விட்டா. நான் சொன்னது சரி என்று அக்கா ஒத்துக்கொண்டது என் ஆயுளில் அந்த ஒருமுறைதான்.