கோட்டா நெர்கிஸின் கைகள்

துருக்கியின் மெர்சின் துறைமுகத்தில் ஆரஞ்சுப் பெட்டி ஏற்றுபவரின் மகள் நெர்கிஸ். வயது முப்பத்துநான்கு. பெண்கள் கூடைப்பந்து லீகில் பல வருடமாக ஆடுகிறாள். ஆடுகிறாள் என்பதை மரியாதைக்குத்தான் சொல்கிறேன். களத்தில் நிற்கும் ஐந்து பேரில் இருவராவது துருக்கிக்காரிகளாக இருக்க வேண்டும் என்பது லீகின் சட்டம். அந்த இருவரில் ஒருத்தியாக நிற்பதுதான் அவள் பிழைப்பு. கூடை போட அமெரிக்காவிலிருந்து ஆள் வந்துவிடும். இவள் மூலையில் நின்று பந்தை வாங்கி அவர்களிடமே திருப்பித் தரவேண்டும்.

ஊர் அவளுக்குக் கோட்டா நெர்கிஸ் என்று பெயர் வைத்துவிட்டது. ரொட்டியில் இறைச்சியைச் சுருட்டித் தரும் தந்தூனிக் கடைக்கார ஃபெரித், இறைச்சியைக் கிளறியபடியே கேட்பார்: "என்ன கோட்டா, இன்னைக்கும் நின்னுட்டு வந்தியா?"

"நிக்கறதுக்கும் கால் வேணும்ல அண்ணே!" என்று சிரிப்பாள். வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு தாங்காது.

இதற்குமுன் இரண்டு முறை இறுதித் தொடர்வரை வந்து தோற்ற அணி அவளுடையது. இந்த முறை இஸ்தான்புல்காரிகளோடு ஆளுக்கு இரண்டு வெற்றி. ஐந்தாவது ஆட்டம் சொந்த ஊரில். இதோடு நெர்கிஸின் ஒப்பந்தமும் முடிகிறது. கோப்பையை ஒரு தடவை தொட்டுவிட்டால் போதும், அப்புறம் யாரும் எப்படியும் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று இருந்தாள்.

மூன்றாம் பகுதியில் அணியின் இன்னொரு துருக்கிக்காரி எப்ரார் ஐந்தாவது ஃபவுல் செய்து வெளியேறினாள். மிஞ்சிய துருக்கிக்காரிகள் நெர்கிஸும் ஜெய்தாவும் மட்டும். நெர்கிஸின் கணக்கிலோ ஏற்கெனவே நாலு ஃபவுல். இன்னொன்று விழுந்தால் அவளும் வெளியே. சட்டப்படி அவளுக்குப் பதில் இறக்க ஆள் கிடையாது, நாலு பேராகத்தான் ஆடவேண்டும்.

கோச் ஹால்தூன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "கையப் பின்னால கட்டிக்கோம்மா. எவ வந்தாலும் போகட்டும். தொட்டுடாத. உன் கால்ல விழறேன்."

இஸ்தான்புல்காரிகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். பெலின் என்ற சின்னப் பெண் ஒவ்வொரு தடவையும் பந்தோடு இவள் மேலேயே வந்தாள். "தொடேன்க்கா, ஒரே ஒரு தடவ" என்று காதோரம் சீண்டினாள். நெர்கிஸ் முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கோத்துக்கொண்டு நெஞ்சை மட்டும் காட்டி நின்றாள். பெலின் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டாள். மறுபடியும் போட்டாள். மறுமுனையில் அமெரிக்கக்காரி போட்டு ஈடுகட்டினாள்.

"உனக்கென்ன கையில்லயாடி?" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். நெர்கிஸுக்கு அழுகை முட்டியது. கையை மட்டும் எடுக்கவில்லை.

கடைசி விநாடிகள். மெர்சினுக்கு ஒரு புள்ளி முன்னிலை. பந்து பெலினிடம். இப்போது கணக்கே வேறு. ஃபவுல் செய்தால் பெலினுக்கு இரண்டு இலவச எறிதல். அன்று அந்த எறிதலில் அவளுக்கு ஒன்றுகூட விழவில்லை. மிச்ச நேரத்தை நாலு பேரே ஓட்டிவிடலாம். ஹால்தூன் கோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

"பிடி நெர்கிஸ்! பிடிடி அவள!"

அரங்கமே கத்தியது. "பிடி! பிடி!"

காதுக்குக் கேட்டது. கைக்குக் கேட்கவில்லை. இழுத்துப் பார்த்தாள், விரல்கள் இன்னும் இறுகின. பெலின் தோளை உரசிக்கொண்டு போனாள். பந்து கூடையில் விழுந்தது. ஹாரன் ஒலித்தது.

ஹால்தூன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பிடின்னேனேம்மா... பிடின்னுதானே சொன்னேன்..."

கொண்டாட்டத்தை விட்டுவிட்டு பெலின் வந்து நின்றாள். சீண்டல் போய்விட்டிருந்தது. "கை குடுங்கக்கா."

நெர்கிஸின் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன.

"கோவமாக்கா?"

"இல்லம்மா" என்றாள் நெர்கிஸ். "பிரிய மாட்டேங்குது."